பீரோவுக்குள் கேமரா: புதிதாகப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டிலோ மயிலாப்பூர் மாட வீதியிலோ நின்றால், புதுக் கேமராவோடு வரும் நாலு பேரையாவது பார்க்கலாம். கழுத்துப் பட்டையில் மடிப்புகூடக் கலைந்திருக்காது. அவர்கள் செய்வதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நானும் என்னோடு தொடங்கியவர்களும் ஒரு காலத்தில் செய்ததையே வரி பிசகாமல் செய்கிறார்கள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரியை சார்ஜ் போடாமல் வருவது, கடலைச் சாய்த்து எடுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் அவை தானே சரியாகிவிடும். யாராவது சொல்லித்தந்தால் ஒழியத் தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க் கடிகாரத்தை நம்புவது

யூடியூபில் 'கோல்டன் ஹவர்' (சூரியன் தாழ்வாக நிற்கும் காலை, மாலை மஞ்சள் வெயில் நேரம்) பற்றிப் பாடம் எடுப்பவர்கள் பலர் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. லண்டனில் டிசம்பர் மாத உச்சி வேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை அளவுக்குத்தான் ஏறும். சென்னையில் அதே டிசம்பரில், உதித்து ஒன்றே கால் மணி நேரத்தில் அந்த உயரத்தைத் தொட்டுவிடும். நம் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதுதான் காரணம். நாம் ஆசைப்படும் அந்த மஞ்சள் வெயில், உதயத்துக்குப் பின் அரை மணி நேரம் நின்றால் பெரிது.

இன்னொன்று, உதய நேரம் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. ஜனவரியில் சென்னையில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் எட்டிப் பார்க்கும். மே மாதக் கடைசியில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். "ஏழு மணிக்கு மெரினாவில் சந்திப்போம்" என்று மே மாதத்தில் சொல்லிக்கொள்பவர்கள் இட்லி சாப்பிடத்தான் சந்திக்கிறார்கள்.

அதற்காகப் பத்து மணிக்கு மேல் கேமராவை மூடிவிட வேண்டும் என்பதில்லை. வெயிலில் நிறுத்தி முகத்தை எடுக்காதீர்கள், கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். ஆளை வாசல்படிக்கு ஒரு அடி உள்ளே உட்காரவைத்து, தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் அடிக்கும் வெயில் தரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டு முகத்தில் மெதுவாக விழும். பின்னால் வீட்டுக்குள் இருட்டாக இருப்பதால் முகம் மட்டும் எடுப்பாகத் தெரியும். ஸ்டூடியோவில் வாடகை கொடுத்து வாங்கும் வெளிச்சம் நம் திண்ணையில் சும்மா கிடைக்கிறது.

'எம்' மோடில்தான் எடுப்பேன் என்ற வீம்பு

மேனுவலில் எடுப்பவன்தான் நிஜமான ஃபோட்டோகிராபர் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். விளைவு என்னவென்றால், மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா நேராக நடந்து வருவார், நம் ஆள் டயலைத் திருகிக்கொண்டிருப்பார். அவர் நிமிரும்போது கூடை லாரியில் ஏறியிருக்கும்.

கேனானில் 'ஏவி', நிக்கானிலும் சோனியிலும் 'ஏ' என்று ஒரு மோடு இருக்கிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, நீங்கள் முடிவு செய்யுங்கள்; எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது என்ற ஷட்டர் ஸ்பீடை கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகக்கூடாது என்று மெனுவில் வரம்பு வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். தெருவில் நடப்பவர்களை எடுக்க அது போதும்.

அதைவிட முக்கியமாகக் கற்க வேண்டியது பிளஸ், மைனஸ் என்று போட்டிருக்கும் பொத்தானை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கும் தாத்தாவை நெருங்கி எடுத்தால் வேட்டி அழுக்காகத் தெரியும், அங்கே பிளஸ் 1 வையுங்கள். கோயில் மண்டபத்துக் கருங்கல் சிற்பத்தை எடுத்தால் கல் வெளுத்துப்போகும், அங்கே மைனஸ் 1. இது கைக்குப் பழகிவிட்டால் 'எம்' மோடு தேவைப்படும் நாள் தானாக வரும்.

ஓசியில் வந்த ட்ரைபாட்

காற்றடித்தால் ஆடும். விரித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

பத்திரமாக எடுத்து வைப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த ஒன்றில்தான். கேமராவைக் கீழே போட்டு உடைத்தவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

தெரிந்த தம்பி ஒருவர் போனஸ் பணத்தில் கேமரா பாடி, அதோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸ், கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ் என்று ஆசையாக வாங்கினார். கல்யாணம் முடிந்து கொடைக்கானல் போய்வந்தார். அதோடு கேமரா உள்ளே போய்விட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் மறுபடி வெளியே வந்தது. படங்களை எனக்கு அனுப்பி, "அண்ணா, செட்டிங் ஏதோ மாறிப்போச்சு போல, எல்லாம் புகையா வருது" என்றார். பார்த்தேன். ஜன்னலோரம் எடுத்த படங்களில் கறுப்பு நிறமே இல்லை. குழந்தையின் தலைமுடிகூடச் சாம்பலாக இருந்தது.

நேரில் போனபோது 50 எம்எம் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பார்த்தேன். ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம் வரை வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. அவர் சட்டை நுனியால் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அது வெளியே இருந்தால்தானே போகும்? இழைகள் உள்ளே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தன. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை.

"எங்க வெச்சிருந்தீங்க தம்பி?"

"அம்மா பீரோவுல பத்திரமா வெச்சிருந்தாங்கண்ணா."

பீரோவைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகள். அதன் மேல் கடையில் இலவசமாகக் கொடுத்த கேமரா பை. பைக்குள் கேமராவைத் துருக்கித் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். மூலையில் அந்துருண்டை. பாவம், அந்த அம்மா நல்லது என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் தவறாகப் போயிருந்தது.

பூஞ்சை விதைகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. புது லென்ஸுக்குள்ளும் இருக்கலாம். அவை முளைக்க என்ன வேண்டும் என்று லென்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனமே சொல்லியிருக்கிறது: மூன்று நாளுக்கு மேல் 70 சதவீதமோ அதற்கு அதிகமோ ஈரப்பதம், காற்றோட்டமின்மை, இருட்டு, 10 முதல் 35 டிகிரி வெப்பம், தின்பதற்குக் கொஞ்சம் தூசியோ பிசுக்கோ துணி நூலோ. இந்தப் பட்டியலை ஒரு முறை மறுபடி படியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வீட்டுப் பீரோ அப்படியே கண்ணுக்குத் தெரியும். துருக்கித் துண்டு நூலும் கொடுத்தது, ஈரத்தையும் பிடித்து வைத்தது. பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் பையும் அதே வேலையைத்தான் செய்யும். பை என்பது தூக்கிக்கொண்டு போக மட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அந்துருண்டை வேறு வகை. பூச்சிக்குப் போடும் அந்த உருண்டை தானாகக் கரைந்து ஆவியாகிறது இல்லையா, அந்த ஆவி லென்ஸுக்கும் ஆகாது, கேமராவுக்கும் ஆகாது. கற்பூரமும் அப்படியே. கேமராவோடு வரும் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

சர்வீஸ் கடையில் கிட் லென்ஸைப் பார்த்ததுமே, "இதைத் திறக்கிற கூலிக்கு செகண்ட் ஹேண்ட்ல வேற ஒண்ணு வாங்கிடலாம் சார்" என்றார்கள். 50 எம்எம்மைத் திறந்து சுத்தம் செய்தார்கள். இழைகள் போயின, தடம் போகவில்லை. பூஞ்சை வளரும்போது அமிலம் சுரக்கும். அது கண்ணாடி மேல் பூசியிருக்கும் மெல்லிய கோட்டிங்கை அரித்துவிடும். அரித்த கோட்டிங்கைக் கடைக்காரர் திரும்பப் பூச முடியாது. இன்றும் அந்த லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறிப்போகிறது.

என் கோபம் அந்த அம்மா மேல் இல்லை, தம்பி மேலும் இல்லை. கேமரா விற்கும்போது பை, ஃபில்டர், ஸ்கிரீன் கார்டு, துடைக்கும் துணி, மூன்று வருட வாரண்டி என்று தலையில் கட்டுகிறார்கள். கடலோர ஊரில் விற்கிறோமே, ஈரத்திலிருந்து காப்பது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

செய்ய வேண்டியது சுலபம். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக் கிலோ, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் நிம்மதி. ரொம்பவும் காயவிடக்கூடாது, 30-க்குக் கீழே போனால் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸும் ரப்பரும் வறண்டுபோகும். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணிகள் பச்சையாகும். சூடு காட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சுப்பொருள். செருப்புப் பெட்டியில் வரும் குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பயனில்லை, அவை எப்போதோ ஈரம் குடித்து நிறைந்திருக்கும். அரிசியும் வேண்டாம், மாவுத் தூசி பூஞ்சைக்கு விருந்து. லென்ஸ் நாலைந்து சேர்ந்துவிட்டால் மின்சாரத்தில் ஓடும் ட்ரை கேபினெட் வாங்கலாம், சில ஆயிரம் ஆகும்.

சிலர் லென்ஸை மொட்டை மாடி வெயிலில் காயப்போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சூரியனை நேராகப் பார்த்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகிவிடும், உள்ளே இருக்கும் அப்பர்ச்சர் தகடு பொசுங்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, அதற்குக் காசே வேண்டாம். வாரம் ஒரு முறையாவது எடுத்துப் படம் எடுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டு, ஜூம் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும் லென்ஸில் ஃபங்கஸ் வந்து நான் பார்த்தது அபூர்வம்.

டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்குவது

மேலே சொன்ன அந்தத் தம்பியின் 50 எம்எம்மை யாராவது விற்றால் யாராவது வாங்கத்தானே செய்வார்கள்? "ஒரே ஒரு தடவை யூஸ் பண்ணது, பத்திரமா வெச்சிருந்தேன்" என்ற விளம்பரத்தைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பயம். கொஞ்சம் தேய்ந்து, பெயிண்ட் போன லென்ஸ் எவ்வளவோ தேவலை. டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, இருபக்கமிருந்தும் பாருங்கள். நாலைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. இழையோ பஞ்சு மாதிரித் திட்டோ தெரிந்தால், பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

ஏசி காரிலிருந்து நேரே கடற்கரைக்கு

குளிர்ந்த கண்ணாடியில் கடல் காற்றின் ஈரம் படியும். லென்ஸ் வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி படியும், லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் படியும். இருபது நிமிடம் பையை மூடியே வைத்து ஒரு டீ குடியுங்கள். வீடு திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, காயவிட்டு, பிறகு டப்பாவில் வையுங்கள். உப்பு அப்படியே இருந்தால் பொத்தான் இடுக்குகளில் இறங்கும்.

கார்டிலேயே படங்களை விட்டுவைப்பது

அன்றைக்கே இரண்டு இடத்தில் ஏற்றுங்கள். அப்புறம் தூங்குங்கள்.

படத்தை அனுப்புகிறேன் என்று சொல்வது

காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுத்துனு போவீங்க, தரேம்பீங்க, வரமாட்டீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. படம் எடுத்தவர்கள் பாராட்டை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். அடுத்து அங்கே போகும் புதியவர்தான் அந்தத் திட்டை வாங்குகிறார். வாட்ஸாப்பில் அனுப்புவதாக இருந்தால் அங்கேயே நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 4-க்கு 6 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டுபோங்கள். ஆளைத் தேட முகவரி வேண்டாம், பக்கத்துப் படகில் படத்தைக் காட்டினாலே சொல்லிவிடுவார்கள்.