ஹீமோகுளோபின் கம்மின்னு வந்தா பீட்ரூட் வாங்குறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ட முழுசா படிங்க

சிபிசின்னு சொல்ற ரத்த அணுக்கள் எண்ணிக்கை டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் பாக்குறது ஒரே ஒரு வரிதான், ஹீமோகுளோபின் எவ்ளோன்னு. அது 9.8னு இருந்துட்டா அன்னைக்கு சாயங்காலமே வீட்ல பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சம்பழம்னு ஆரம்பிச்சிடும். செவப்பா இருக்கறது எல்லாம் ரத்தமா மாறும்னா தக்காளி சட்னிலயே நாம எல்லாரும் தேறியிருக்கணும். பீட்ரூட்ல 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்பு கூட கிடையாது, மாதுளைல அதவிட கம்மி. சாப்பிடாதீங்கன்னு சொல்லல, அத மருந்துன்னு நம்பி மூணு மாசத்த ஓட்டாதீங்க, அவ்ளோதான்.

எச்பி, அதாவது ஹீமோகுளோபின், கம்மிங்கிறது காய்ச்சல் மாதிரி, அது நோயோட பேரு இல்ல, எதனாலன்னு கேக்கணும். அந்த 'எதனால'வுக்கு பாதி பதில் அதே தாள்ல கீழ இருக்கும், யாரும் கண்ண கீழ இறக்குறதில்ல.

மொதல்ல நிஜமாவே கம்மியான்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி பெண்களுக்கு 12க்கு கீழ, ஆண்களுக்கு 13க்கு கீழ, கர்ப்பிணிகளுக்கு 11க்கு கீழ (நடு மூணு மாசத்துல மட்டும் 10.5க்கு கீழ) போனா ரத்தசோகை. இது ஏதோ அபூர்வமான சமாச்சாரம் இல்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15லேந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைதான். அதனாலயே "பொம்பளைங்களுக்கு இது சகஜம்"னு விட்டுடறாங்க, அதுதான் எனக்கு எரிச்சலே.

அடுத்து எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணுவோட சைஸ். 80லேந்து 100 வரைக்கும் நார்மல். 80க்கு கீழ இருந்தா செல்லு சின்னதா இருக்கு, நம்ம ஊர்ல பெரும்பாலும் இரும்பு பத்தல, இல்லன்னா தலசீமியா மைனர், அதாவது பரம்பரையா வர்ற ஹீமோகுளோபின் குறையோட லேசான வடிவம். 100க்கு மேல இருந்தா செல்லு பெருசா இருக்கு, அப்போ பி12 இல்ல ஃபோலிக் ஆசிட் பக்கம் சந்தேகப்படணும், தைராய்டு, குடிப்பழக்கம், கல்லீரல் பிரச்சனையாவும் இருக்கலாம். இரும்பு குறையும் பி12 இல்ல ஃபோலிக் ஆசிட் குறையும் ஒண்ணா இருந்தா ஒண்ண ஒண்ணு மறைச்சு எம்சிவி நார்மல் மாதிரியே காட்டும், அப்போ ஆர்டிடபிள்யூ வரிய பாருங்க, அது 15 தாண்டிருந்தா செல்லுங்க பெருசும் சிறுசுமா கலந்து கிடக்குன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட ஸ்மியர் (ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கறது) பாக்கலாமான்னு கேளுங்க.

இந்த பெரிய செல் ரத்தசோகைக்கு நம்ம பக்கத்துல ஒரு கதையே இருக்கு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா 1928ல பம்பாய் வந்து, மில்லுல வேல பாத்த கர்ப்பிணி பெண்களுக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு ஆராய்ஞ்சாங்க, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல இருந்தும் கொஞ்ச காலம் வேல பாத்தாங்க. ஈஸ்ட்லேந்து எடுத்த மார்மைட் குடுத்தா சரியாகுதுன்னு 1931ல எழுதினாங்க. அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த சத்துதான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு தெரிஞ்சுது. ஒரு எச்சரிக்கை, பி12 பாக்காம ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தம் தேறிடும் ஆனா நரம்பு பாதிப்பு உள்ளுக்குள்ள போய்ட்டே இருக்கும். சுத்த சைவம் சாப்பிடறவங்க, வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் போடறவங்க பி12 ஒருதடவ பாத்துடுங்க.

சரி, செல்லு சின்னதா இருக்குன்னு வச்சிப்போம். இரும்பா தலசீமியாவா? இதுக்கு ஒரு சின்ன கணக்கு, 1973லேந்து இருக்கு, மென்ட்ஸர் இன்டெக்ஸ்னு பேரு. எம்சிவிய சிவப்பணு எண்ணிக்கையால வகுங்க. எம்சிவி 65, எண்ணிக்கை 5.6 மில்லியன்னா 11.6 வரும், 13க்கு கீழ வந்தா தலசீமியா மைனர் பக்கம் சாயுது. எம்சிவி 70, எண்ணிக்கை 4ன்னா 17.5, அது இரும்பு குறை பக்கம். இது சும்மா ஒரு கைகாட்டிதான், இத வச்சு முடிவு பண்ணாதீங்க, எச்பிஎல்சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு அதுல எச்பிஏ2ங்கிற ஒரு வகை ஹீமோகுளோபின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல போனா பெரும்பாலும் தலசீமியா மைனர். இரும்பு ரொம்ப கம்மியா இருந்தா அந்த அளவும் கொஞ்சம் எறங்கி காட்டும்கிறதால சிலருக்கு இரும்ப சரி பண்ணிட்டு மறுபடி எடுக்க சொல்வாங்க. மைனர் உள்ளவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு மேஜரா, அதாவது கடுமையான தலசீமியாவா, வர நாலுல ஒரு வாய்ப்பு, அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே பாக்குறது நல்லது. நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட 1952லயே கண்டுபிடிச்ச சிக்கிள் செல்லும் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய்) இதே எச்பிஎல்சிலதான் பிடிபடும்.

இரும்புதான்னு உறுதி பண்ண ஃபெரிட்டின் எடுங்க. சீரம் அயர்ன் மட்டும் எடுத்து ஏமாறாதீங்க, அது காலைக்கு ஒண்ணு சாயங்காலத்துக்கு ஒண்ணு காட்டும். ஃபெரிட்டின்தான் உடம்புல இருக்கற இருப்பு. 15க்கு கீழன்னா இருப்பு காலி, நிறைய டாக்டருங்க 30க்கு கீழயே வைத்தியம் ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா காய்ச்சல், இன்ஃபெக்ஷன், மூட்டு வீக்கம்னு ஏதாவது இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறி நிக்கும், அந்த நேரத்துல 70க்கு கீழன்னாலே சந்தேகப்படணும், கூடவே உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற சிஆர்பி டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும். பச்சரிசிய மென்னுக்கிட்டே இருக்கறது, பல்பம், சாம்பல், ஐஸ்கட்டி திங்கணும்போல இருக்கறது, இதெல்லாம் கெட்ட பழக்கம்னு திட்டாம ஃபெரிட்டின் எடுத்து பாருங்க.

இதுக்கு அப்புறம்தான் சாப்பாடு. அசைவம் சாப்பிடறவங்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) மாதிரி ஒண்ணு இல்ல, அந்த இரும்பு உடம்புல நல்லா சேரும் (கர்ப்பத்தோட ஆரம்பத்துல ஈரல் வேணாம், வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி). சைவத்துக்கு கம்பு 100 கிராம்ல சுமார் 6 மில்லிகிராம், முருங்கைக்கீரைல நாலரை, கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா தானியம் கீரைல இருக்கற இரும்புல ரொம்ப கொஞ்சம்தான் உள்ள போகும். அத கூட்டறதும் கெடுக்கறதும் கூட என்ன சாப்பிடறோம்கிறதுலதான் இருக்கு. கீரைல எலுமிச்சை பிழியறது, சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காய், கொய்யா, இது கூட்டும். பயற முளைகட்டறது, மாவ புளிக்க வைக்கிறது, இரும்பு சட்டில புளிக்குழம்பு வைக்கிறது எல்லாமே உதவும், பாட்டிங்க காரணம் சொல்லாமலே செஞ்சது. கெடுக்கறதுல மொத ஆளு டீ. டிபன் முடிச்ச கையோட ஒரு டீ குடிச்சா அந்த சாப்பாட்டு இரும்புல பாதிக்கு மேல சேராமலே போயிடும், காபியும் கெடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க. டீய விட சொல்லல, சொன்னாலும் யாரும் கேக்க போறதில்ல.

ஆனா ஃபெரிட்டின் காலியா இருந்தா சாப்பாட்ட மட்டும் வச்சு ரொப்பறது கஷ்டம், மாத்திரை வேணும். மாத்திரைய பால், கால்சியம் மாத்திரையோட போடாதீங்க. இரும்பு உள்ள போனதும் கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன சுரந்து கதவ சாத்திடும், ஒரு நாள் வரைக்கும் அப்படியே இருக்கும். அதனாலதான் 2017ல வந்த சூரிச் ஆய்வுல ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட பெண்களுக்கு தினம் போட்டவங்கள விட ஒவ்வொரு மாத்திரைலேந்தும் கூடுதல் இரும்பு சேர்ந்துச்சு. வயிறு எரியுது, மலச்சிக்கல்னு மாத்திரைய தூக்கி போடறவங்க இத டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம், கர்ப்பிணிங்க மட்டும் சொன்னபடி தினம் போடணும். மலம் கருப்பா போகும், பயப்பட வேணாம்.

இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. ஆம்பளைக்கோ மாதவிடாய் நின்ன அம்மாவுக்கோ இரும்பு கொறஞ்சிருந்தா அது ரத்தம் எங்கயோ கசியுதுங்கிற சேதியா இருக்கலாம். மூலம், அல்சர், வலி மாத்திரையால வர்ற புண்ணு, சில நேரம் குடல் கேன்சர். அங்க மாத்திரைய எழுதி குடுத்து அனுப்பினா போதாது, எண்டோஸ்கோபி கொலனோஸ்கோபி தேவையான்னு நேராவே கேளுங்க. அதிகமா மாதவிடாய் போற பெண்களுக்கும் அப்படித்தான், ஓட்டைய அடைக்காம ஊத்திட்டே இருக்க முடியாது.

சுகர் உள்ளவங்களுக்கு, இரும்பு கொறஞ்சிருக்கும்போது மூணுமாச சராசரி எச்பிஏ1சி கொஞ்சம் ஏத்தி காட்டலாம், அத மட்டும் பாத்து சுகர் மாத்திரைய கூட்டறதுக்கு முன்னாடி ரத்தசோகை இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

மாத்திரை ஆரம்பிச்சு நாலு வாரத்துல எச்பி மறுபடி பாருங்க, முடிஞ்சா அதே லேப்ல. சுமாரா 1 கிராமாவது ஏறியிருக்கணும். ஏறலன்னா ஒழுங்கா போடலயா, டீயோட போட்டீங்களா, கசிவு இருக்கா, இல்ல தலசீமியாவான்னு மறுபடி மேலேந்து பாக்கணும். ஏறிடுச்சுன்னாலும் உடனே நிறுத்தாதீங்க, எச்பி நார்மல் ஆனதுக்கு அப்புறமும் இன்னும் மூணு மாசம் போட்டாதான் ஃபெரிட்டின் ரொம்பும்.