வலி இல்லை என்றால் நார்மல் என்று அர்த்தமில்லை

போன வாரம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் சுகர் உள்ள ஒரு பெரியவரிடம் "கால்ல வலி இருக்கா ஐயா?" என்று கேட்டாள். அவர் "இல்லம்மா" என்றார். குனிந்து பாதத்தைப் பார்க்காமலே சீட்டில் 'நார்மல்' என்று எழுதிவிட்டாள். பல வருஷத்துக்கு முன்னால் நானும் அதே வார்த்தையைத்தான் எழுதினேன். சுகரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன். சுகரால் கால் நரம்பு கெடும்போது நாமும் நோயாளிகளும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"எரிச்சல் நின்னுடுச்சு" என்றதும் நிம்மதியாவது

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி அவர். ராத்திரியானால் பாதம் எரிகிறது, சிமெண்ட் தரையில் காலை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்று மாதாமாதம் சொல்வார். ஒருநாள் "எரிச்சல் விட்டுப்போச்சும்மா" என்றார். மாத்திரை கேட்கிறது என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன், அவர் ஒரு மாதமாக அந்த மாத்திரையே போடவில்லை என்பதைக் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளாமல். அப்புறம் சம்பா நடவு. சேற்றில் கிடந்த நத்தை ஓடு பாதத்தைக் கிழித்திருக்கிறது, மூன்று நாள் அவருக்குத் தெரியவே இல்லை, தரையில் ஈரத்தடம் பார்த்து வீட்டம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

எரிகிறது என்றால் அடிபட்ட நரம்பு இன்னும் சத்தம் போடுகிறது. சிகிச்சை எதுவும் இல்லாமல் சத்தம் தானாக அடங்கினால், அந்த நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம். உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் கால்விரலில்தான் தொடங்கும், மரமரப்பு முழங்கால் வரை ஏறும் சமயத்தில் கைவிரல் நுனிக்கும் வரும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா, பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொடுங்கள், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) அதிரவிட்டுக் கால் கட்டைவிரல் எலும்பில் வையுங்கள், தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நிமிஷ வேலை. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களால்தான் போகின்றன என்று தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் எப்போதோ காட்டிவிட்டார். உணர்ச்சி போன சுகர் பாதத்துக்கும் அதே கதைதான். வீட்டில் தினமும் ராத்திரி பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், விரலிடுக்கையும் சேர்த்து.

எல்லாவற்றையும் சுகர் கணக்கில் எழுதுவது

மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட், குடி, தைராய்டு, இவையும் நரம்பைக் கெடுக்கும். வெளுத்த, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய் இல்லையென்று உறுதி செய்யுங்கள். ராத்திரியில் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பாருங்கள்.

தானே போட்டுக்கொள்ளும் சத்து மாத்திரை

பரிசோதிக்காமல் வேண்டாம். வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பிரிகாபலின் நரம்பைச் சரிசெய்யும் என்பது

இல்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரை அது, வலியைத்தான் குறைக்கும்.

சுடுதண்ணீர், ஒத்தடம்

வேண்டவே வேண்டாம். வெந்துபோவது தெரியாது.

பிளேடால் காலாணி வெட்டுவது

கூடாது.

மத்தியானப் பிரகாரம்

சித்திரை வெயிலில் கோயில் கல்லில் வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளத்தோடு வருகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். விடிகாலையில் போய்வாருங்கள்.