பூசக் கொத்தைக் காவிரிப் படுகையிலிருந்து பார்க்கும் முறை

தைப்பூசத்தன்று திருவிடைமருதூரில் காவிரியில் நீராடக் கூட்டம் திரள்கிறது. ஆனால் அந்த நாளுக்குப் பெயர் தந்த விண்மீன்களை வானத்தில் அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு. கடக ராசியின் நடுவில், மங்கலான விண்மீன்களுக்கு இடையே, நிலவின் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலத்தில் ஒரு திறந்த விண்மீன் கொத்து இருக்கிறது. இதுவே பூசக் கொத்து. வானியலாளர்கள் இதைப் பிரசீப்பி என்றும், மங்கலான வான்பொருள்களைத் தொகுத்த மெசியே பட்டியலின் 44ஆம் உறுப்பு என்றும் குறிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 1,000 விண்மீன்கள் ஒரே வாயு மேகத்தில் பிறந்து, ஒன்றையொன்று ஈர்த்தபடி இன்றும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. இதைப் பார்ப்பதற்குப் படுகை மிகப் பொருத்தமான இடம். கும்பகோணத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. கொத்தோ, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே அது நமக்கு உச்சியிலிருந்து 9 பாகை மட்டுமே வடக்கே தள்ளிக் கடந்து செல்கிறது. கடற்கரை ஈரமும் புகையும் அடிவானத்தை எவ்வளவு மங்கச் செய்தாலும், உச்சி வானத்தை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பலரும் இயல்பாக நினைப்பது தைப்பூச இரவைத்தான். அந்த இரவு இதற்கு உதவாது. அன்று முழுநிலவு பூசத்திலோ அதை ஒட்டியோ நிற்பதால், அதன் ஒளியில் கொத்து முற்றிலும் மறைந்துவிடும். மாசி மகமும் பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டிய நாள்களே என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். தேய்பிறையில் பஞ்சமிக்குப் பிறகு தொடங்கி, அமாவாசை கழிந்து மூன்று நாள் வரை உள்ள முன்னிரவுகளே சிறந்தவை. பஞ்சாங்கத்துக்கு வேறொரு பயனும் உண்டு. ஒவ்வொரு மாதமும் நிலவு பூசத்தில் இருப்பதாகக் குறித்துள்ள இரவில், நிலவு நிற்கும் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள பெரிய விண்மீன்களையும் மனத்தில் பதித்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்து இருண்ட வானத்தில் அதே இடத்தைத் தேடுவது எளிதாகும்.

மாதத்தைப் பொறுத்தவரை மாசியும் பங்குனியும் என் தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை மேகம் இடம் தராது. தையில் வானம் தெளிந்தாலும், தண்ணீர் நிற்கும் வயல்களின் மேல் பனிமூட்டம் படர்கிறது; அறுவடை இயந்திரங்களின் விளக்குகளும் இரவு முழுவதும் எரிகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்ட பிறகு, வயல் காயக் காயப் பனியும் குறைகிறது. ஜனவரி இறுதியில் கொத்து நள்ளிரவு கடந்து கால் மணி நேரத்தில் உச்சிக்கு வரும்; பிப்ரவரி இறுதியில் இரவு பத்தேகால் மணிக்கும், மார்ச் இறுதியில் எட்டேகால் மணிக்கும் வரும்.

இடத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய நகரங்களின் விளக்கொளியிலிருந்து சில கிலோமீட்டர் விலகிய களத்துமேடு போதும். வயலில் இறங்க வேண்டாம். நெல் அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும், வரப்புகளில் பாம்பு நடமாட்டமும் உண்டு. வேதாரண்யத்து உப்பளப் பகுதியில் வானம் இன்னும் இருண்டது. ஆனால் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் என்பதால், அனுமதியின்றி அங்கே இரவில் நுழையக் கூடாது. டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் தேவை. கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். கொத்து தலைக்கு மேலேயே இருப்பதால், நின்றபடி அண்ணாந்து பார்ப்பதைவிடக் கயிற்றுக் கட்டிலில் கால் வடக்கே இருக்கும்படி படுத்துப் பார்ப்பதே நல்லது. பைனாகுலரின் கண்ணாடியில் பனி படிந்தால் துண்டால் துடைக்காதீர்கள், கீறல் விழும். பார்க்காத நேரங்களில் துணி போர்த்தி வைத்தால் பெரும்பாலும் பனி படியாது.

இனி வழி. புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களில் ஒளி மிகுந்ததையும், கிழக்கே தனித்து ஒளிரும் மக விண்மீனையும் மனத்தில் ஒரு கோட்டால் இணையுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். புனர்பூசத்திலிருந்து அந்தக் கோட்டின் வழியே ஒன்றரை முட்டி தூரம் சென்று, சிறிது தெற்கே நகர்ந்தால் கொத்து இருக்கும் இடம். இருண்ட வானத்தில் அது வெறுங்கண்ணுக்கு ஒரு பஞ்சுத் துணுக்கைப் போலத் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் இன்னும் தெளிவாகும். பழங்காலக் கிரேக்கர் இதை வானிலைக் குறியாகக் கொண்டிருந்தார்கள்: மேகமில்லாதது போலத் தோன்றும் வானத்தில் இது காணாமல் போனால் புயல் வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகத்திரை முதலில் விழுங்குவது இத்தகைய மங்கலான ஒளியைத்தான். ஆகவே கொத்து வெறுங்கண்ணுக்குத் தெரியாத இரவில், அது உச்சியில் இருந்தும் ஏமாற்றினால், வானத்தின் தெளிவு போதவில்லை என்று கொண்டு வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம்.

7x50 அல்லது 10x50 பைனாகுலரே இதற்குச் சிறந்த கருவி (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் அகலம் மில்லிமீட்டரில்). பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதிக உருப்பெருக்கத்தில் பார்த்து, ஆங்காங்கே சில விண்மீன்கள் மட்டுமே தெரிவதாகச் சொல்வதற்குக் காரணம், கொத்தின் அகலம் ஒன்றரை பாகை என்பதே. மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்ணருகு வில்லையையே பயன்படுத்த வேண்டும். கலிலியோவுக்கும் இந்த இடர் இருந்தது. அவருடைய குழாயில் முழுநிலவுகூட ஒரே பார்வையில் அடங்காது. எனவே கொத்தின் மேல் அதைத் துண்டு துண்டாக நகர்த்தித்தான் பார்த்திருக்க முடியும். அப்படியிருந்தும், மேகம் போன்ற ஒற்றைப் பொருளாகக் கருதப்பட்ட இது 40க்கும் மேற்பட்ட சிறு விண்மீன்களின் திரள் என்று 1610இல் அறிவித்து, அருகிலுள்ள இரண்டு விண்மீன்களைத் தவிர 36ஐ வரைந்தும் காட்டினார்.

நீங்களும் வரையுங்கள், வரைந்தவர் கண்ட அளவுக்கு, வெறுமனே பார்த்தவர் காண்பதில்லை. தாளில் ஒரு வட்டம் போட்டு, கொத்தின் வடக்கிலும் தெற்கிலும் நிற்கும், கடக ராசியின் காமா, டெல்டா என்னும் விண்மீன்களை முதலில் குறியுங்கள். அடுத்து நடுவில் உள்ள ஒளி மிகுந்தவற்றைப் புள்ளி வைத்து, அவற்றிலிருந்து அளந்து மங்கலானவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள். வரைந்த பிறகு நிறங்களைக் கவனியுங்கள். கொத்தின் நடுப்பகுதியில் அருகருகே உள்ள 39, 40 என்னும் எண்கள் கொண்ட இரண்டு விண்மீன்களில் ஒன்று மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், மற்றது வெண்மை. இந்த நிற வேறுபாட்டிலிருந்துதான் வானியலாளர்கள் கொத்தின் வயதைக் கணித்தார்கள். விண்மீன் எவ்வளவு கனமானதோ அவ்வளவு விரைவில் தன் எரிபொருளைத் தீர்த்து, வீங்கிச் செம்பூதமாகிறது. ஒரே காலத்தில் பிறந்த விண்மீன்களின் நிறத்தையும் ஒளியையும் ஒரு வரைபடத்தில் குறித்தால், எந்த எடைக்கு மேற்பட்டவை அந்த நிலையை எட்டிவிட்டன என்பது புலப்படும். பூசக் கொத்துக்கு அது காட்டும் வயது 60 முதல் 70 கோடி ஆண்டு. 39ஆம் விண்மீன் அப்படிப் பூதமாகிவிட்டது. 40ஆம் விண்மீனோ அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட வெண்மையாக, இளமையாகத் தோன்றுகிறது. மற்றொரு விண்மீனுடன் இணைந்தோ அதன் பொருளைப் பெற்றோ எடை கூடியவையே இத்தகைய விண்மீன்கள் என்று விளக்குகிறார்கள்.

வரைபடத்தில் உள்ள புள்ளிகளில் எவை கொத்தைச் சேர்ந்தவை, எவை முன்னும் பின்னும் தற்செயலாக நிற்பவை என்ற கேள்வி கண்ணால் தீராதது. உறுப்பினர்கள் எல்லாம் வானத்தில் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகர்கின்றன. அந்த நகர்வை அளந்தால் அயலானவற்றைப் பிரிக்கலாம். ஆனால் நிலவின் அகல அளவுக்கு நகர இந்தக் கொத்துக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டு ஆகும். ஆண்டுகள் இடைவெளிவிட்டு எடுத்த ஒளிப்படத் தட்டுகளை ஒப்பிட்டு, வானியலாளர் கிளைன் வாசிங்க் 1927இல் உறுப்பினர் பட்டியலை உருவாக்கினார். 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம் அதே வேலையைப் பன்மடங்கு நுணுக்கமாகச் செய்து, கொத்தின் தொலைவு ஏறத்தாழ 610 ஒளியாண்டு என்றும் உறுதி செய்தது. 2012இல் இங்கே சூரியனை ஒத்த இரண்டு விண்மீன்களைச் சுற்றி வியாழன் போன்ற கோள்கள் இருப்பது தெரியவந்தது. ஒன்று நான்கு நாளுக்குச் சற்று அதிகமான காலத்திலும், மற்றொன்று இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான காலத்திலும் தம் விண்மீன்களைச் சுற்றிவிடுகின்றன. நெரிசலான கொத்துக்குள்ளும் கோள்கள் உருவாகி நிலைத்திருக்க முடியும் என்பதற்கு அது சான்று. 2015இல் கெப்ளர் விண்கலம் இந்தக் கொத்தைத் தொடர்ந்து நோக்கியபோது, இங்குள்ள சூரியனை ஒத்த விண்மீன்கள் தம்மைத் தாமே சுற்ற ஏறத்தாழ 10 நாளே எடுத்துக்கொள்வது பதிவானது. நம் சூரியனுக்கு 25 நாள் ஆகிறது. வயது ஏற ஏறச் சுழற்சி தளரும் என்ற கருத்தை அளந்து பார்க்கும் அளவுகோலாக இந்தக் கொத்து இன்று பயன்படுகிறது.

பூசத்தை வரைந்து முடித்த அதே முன்னிரவில் மேற்கே திரும்பினால் ரோகிணியைக் காணலாம். செந்நிற ரோகிணி விண்மீனைச் சுற்றி ஆங்கில ‘V’ எழுத்தைப் போலக் கோணமாகப் பரந்துள்ளவை ஹையடீஸ் என்ற மற்றொரு திறந்த கொத்து. அதன் வயதும் விண்வெளியில் அதன் நகர்வும் பூசக் கொத்தை மிகவும் ஒத்திருப்பதால், இரண்டும் ஒரே மூலத்தில் தோன்றியவையாக இருக்கலாம் என்று வானியலாளர்கள் கருதுகிறார்கள். தொலைவு 150 ஒளியாண்டை ஒட்டியே என்பதால் அது வெறுங்கண்ணுக்கே விரிந்து தெரிகிறது. அதையும் அதே தாளில், அதே முறையில் வரையுங்கள். ஆனால் ரோகிணி விண்மீனை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அது 65 ஒளியாண்டுத் தொலைவில் கொத்துக்கு முன்னால் நிற்கும் அயல் விண்மீன்.