இராமலிங்க விலாசம்: சுவரோவியம் பார்க்கத் தொடங்குவோருக்கு

இராமநாதபுரத்தில் ‘அரண்மனை’ என்று கேட்டாலே வழி காட்டிவிடுவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 55 கி.மீ. அந்த வளாகத்தில் கிழவன் சேதுபதி (ஆட்சி 1671–1710; ‘சேதுபதி’ என்பது இராமநாதபுரம் அரசர்களின் பட்டம்) கட்டிய அரசவை மண்டபமான இராமலிங்க விலாசம் இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஓவியங்கள் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையையும் தவிர்த்து, காலையிலேயே போய்விடுங்கள்.

1. வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் சுவர் வெறும் பழுப்பாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் தூணோரம் நின்று கண்ணைப் பழக்குங்கள். பலர் இதைச் செய்யாமல், ‘எல்லாம் அழிஞ்சு போச்சு’ என்று திரும்பிவிடுகிறார்கள்.

2. சுவரிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள். படங்கள் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் அதே பட்டையில் மறுபடி மறுபடி வருவார். அவர்கள் வேறு வேறு ஆட்கள் அல்லர், கதை நகர்கிறது என்று பொருள். இது பிடிபடாதவரை இராமாயணக் காட்சிகள் கூட்டமாக மட்டுமே தெரியும். மகுடத்தையும் உடல் நிறத்தையும் பிடித்துக்கொண்டு தொடருங்கள்.

3. அடுத்து அரசியல் காட்சிகள். எங்கள் கருத்தில் இந்த மண்டபத்தின் உயிரே இவைதான். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்குச் செய்யும் இரத்தினாபிஷேகம் (மணிகளைச் சொரிந்து சிறப்பிப்பது), இராஜராஜேஸ்வரி அம்மன் செங்கோல் வழங்குவது, தொப்பி வைத்த ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திப்பது எல்லாம் உண்டு. வானத்து அம்மனும் மண்ணின் மேலரசரான நாயக்கரும் ஒரே ஆளுக்கு அதிகாரம் தருகிறார்கள் பாருங்கள். கடலோரச் சீமையின் அரசர் தன் தகுதியைச் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

4. மாடிக்கு அனுமதி இருந்தால் ஏறுங்கள். அங்கே அரசரின் அந்தரங்க வாழ்க்கை, வேறு மனநிலை.

சுவரைத் தொடவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஈரத்தோடு புகும் உப்பு, காயும்போது படிகமாகி நிறத்தை உள்ளிருந்து தள்ளும். அப்படித் தளர்ந்த இடத்தில் விரல் பட்டாலே உதிரும். படமெடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் பிளாஷ் வேண்டாம். நேராக அடிக்கும் வெளிச்சம் பளபளத்துக் கோடுகளை மறைக்கும். உயரத்தில் உள்ளவற்றுக்குச் சிறிய தொலைநோக்கி போதும்.

இங்கே காட்சிக்கு வைத்திருக்கும் வாள், ஈட்டி, கற்சிற்பங்களைக் கடைசியில் பாருங்கள். கண் களைத்த பிறகும் அவற்றைப் பார்க்கலாம், ஓவியத்தைப் பார்க்க முடியாது.