பவளத்திட்டுக்கு அருகே சொகுசு விடுதி வருகிறதா? ஆட்சேபணையைக் கட்டும் முறை

கடற்கரையில் விடுதி கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு ஊருக்குள் எழுந்ததும், எதிர்ப்பவர்கள் முதலில் கையிலெடுப்பது கடலின் அழகையும் மீனவரின் பிழைப்பையும்தான். இரண்டும் நியாயமான கவலைகளே. ஆயினும் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் கோப்பில் ‘அனுமதி மறுக்கலாம்’ என்று குறிப்பு எழுத மாட்டார். விண்ணப்பதாரர் தன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் இன்ன பக்கத்தில் எழுதியிருக்கும் இன்ன வாக்கியம் தவறு, அல்லது அது நிறுவப்படவில்லை என்று ஆட்சேபணை சொல்லுமானால், அப்போதுதான் அவருக்கு எழுதுவதற்கு ஏதேனும் கிடைக்கிறது. அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து, உரிய இடத்தில், உரிய நாளுக்குள் வைப்பது எப்படி என்பதையே இங்கே சொல்கிறேன். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரையில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், பாடமாக எடுத்துக்கொள்வது மெக்சிகோவின் காபோ புல்மோவை. ஏனெனில் பவளத்திட்டுக்காக ஒரு பெருந்திட்டம் அரசியல் மேல்மட்டத்திலேயே நிறுத்தப்பட்ட வழக்குகளில் அது தெளிவானது.

காபோ புல்மோ, பாகா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடிக்கு அருகே, கலிபோர்னியா வளைகுடாவை நோக்கி அமைந்த சிறு மீனவக் குடியிருப்பு. மீன்வளம் குன்றியதைக் கண்ட அவ்வூர்க் குடும்பங்கள் தாங்களே முன்வந்து கேட்டதால் 1995-இல் 7,111 ஹெக்டேர் பரப்பு தேசியப் பூங்கா ஆயிற்று. மீனவர்கள் முக்குளிப்பு வழிகாட்டிகளானார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியதாக 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே காலத்தில், பூங்காவுக்கு வடக்கே ஏறத்தாழ 3,800 ஹெக்டேரில் ‘காபோ கோர்தேஸ்’ என்ற பெயரில் ஒரு ஸ்பானிய நிறுவனம் விடுதி நகரம் ஒன்றைத் திட்டமிட்டது. ஏறக்குறைய 30,000 அறைகள், 490 படகுகளுக்கான துறை, கோல்ஃப் மைதானங்கள், வினாடிக்கு 750 லிட்டர் கொள்ளளவுள்ள, கடல்நீரை நன்னீராக்கும் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை அதில் அடங்கும். 2008-இல் மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. 2012 ஜூன் 15 அன்று அதிபர் ஃபெலிப்பே கால்தெரோன் அந்தத் திட்டம் நடைபெறாது என்று அறிவித்தார்.

முதலில் கவனிக்க வேண்டியது, திட்டத்தின் ஒரு செங்கல்கூடப் பவளத்தின் மேல் வைக்கப்படுவதாக இல்லை என்பது. நம் கரையிலும் அப்படித்தான் இருக்கும். ‘எங்கள் நிலம் பட்டா நிலம், பவளப் பார் இருப்பது கடலுக்குள்’ என்றே விண்ணப்பதாரர் தொடங்குவார். ஆகவே எதிர்வாதம் நிலத்தைப் பற்றியதாக இல்லாமல், நிலத்திலிருந்து கடலுக்குள் போகும் பொருள்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். கட்டுமானக் காலத்தில் மழையோடு இறங்கும் மண் பவளத்தின் மேல் படிந்து ஒளியை மறைக்கும். கழிவுநீரில் உள்ள சத்துகள் பாசியை வளர்க்க, அந்தப் பாசி பவளத்தை மூடும். சுத்திகரிப்பு ஆலையின் உப்புக் கழிவு அடியில் தங்கும். கரையில் போடும் கல்சுவர் மணலின் போக்கை மாற்றும். இவை ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் ஓர் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

எண்ணை நாள் கணக்காக மாற்றிப் பாருங்கள். வினாடிக்கு 750 லிட்டர் என்று படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி, ஆகவே 6 கோடியே 48 லட்சம் லிட்டர் என்று எழுதினால் கூட்டத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கடல்நீரைச் சுத்திகரிக்கும்போது எடுக்கும் நன்னீரைவிட வெளியேற்றும் உப்புநீர் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும் என்பதால், ‘இது எங்கே போகும்?’ என்ற அடுத்த கேள்வி தானாகவே எழும். காபோ கோர்தேஸ் விவகாரத்திலும் சண்டை அந்தக் கேள்வியில்தான் முற்றியது. நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போவதால் வடக்கில் இருக்கும் திட்டத்தின் கழிவு தெற்கில் இருக்கும் பூங்காவை எட்டாது என்பது நிறுவனத் தரப்பின் வாதம். நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறும் என்று விஞ்ஞானிகள் மறுத்தார்கள். நம் கடற்கரையில் இதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. எந்த மாதத்தில் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை வலை விடும் எவரும் சொல்வார். அதை மாதவாரியாக எழுதி, சொன்னவர்களிடம் கையெழுத்து வாங்கி இணைத்தால், ஒரே பருவத்தில் அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்லும் அறிக்கைக்கு அது வலுவான மறுப்பாகும்.

அடுத்து, ஆவணங்களைத் திரட்டும் வேலை. திட்டத்தின் பெயரைவிடப் புல எண்களே முக்கியம். அவற்றை முதலில் குறித்துக்கொண்டு சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்பட வரைபடம் ஆகியவற்றை எடுத்து, இடையில் ஓடைப் புறம்போக்கோ பாதைப் புறம்போக்கோ உள்ளதா என்று பாருங்கள். விண்ணப்ப விவரங்களைச் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். அங்கே கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘அனைத்து ஆவணங்களையும் தருக’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவருக்கு ‘நேரில் வந்து பார்வையிடலாம்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். உயர் அலைக்கோடு (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) குறித்த 1:4000 அளவு வரைபடம், திட்டத்தைச் சுற்றி 7 கிலோமீட்டரைக் காட்டும் 1:25,000 அளவு வரைபடம், மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவின் கூட்டக் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த 1:4000 வரைபடம் கைக்கு வந்ததும் பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 40 மீட்டர். 200 மீட்டர் என்பது சரியாக ஐந்து சென்டிமீட்டர். உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக அளவுகோலை வைத்து, முதல் கட்டடத்தின் மூலை ஐந்து சென்டிமீட்டருக்கு உள்ளே வருகிறதா என்று பாருங்கள். நீச்சல் குளமும் கழிவுநீர்த் தொட்டியும் பெரும்பாலும் கட்டடமாகக் கணக்கில் காட்டப்படாமல் கோட்டுக்கு நெருக்கமாக நகர்ந்திருக்கும், அவற்றையும் அளந்துவிடுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: நகல் எடுக்கும்போது தாள் சுருக்கப்பட்டிருந்தால் கணக்கு முழுவதும் பிழையாகும். எனவே வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவுப்பட்டையை முதலில் சரிபார்த்துவிட வேண்டும்.

இந்த 200 மீட்டர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடுத்தது. 2019 அறிவிக்கை, மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது; அதற்குக் கீழ்ப்பட்ட பகுதிகளில் 200 மீட்டர் அப்படியே நீடிக்கிறது. புதிய அறிவிக்கையின் தளர்வைப் பெற, அதன்படி திருத்தப்பட்ட கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் அந்தப் பகுதிக்கு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பம் எந்த அறிவிக்கையின் கீழ் வருகிறது, அதற்கான வரைபடம் ஒப்புதல் பெற்றதா என்ற இரண்டு கேள்விகளையும் ஆட்சேபணையின் முதல் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள். பவளத்திட்டுகளும் கடற்புல் படுகைகளும் ஆமைகள் முட்டையிடும் கரைகளும் இந்த அறிவிக்கைகளில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் அடங்கும். இவற்றோடு, திட்டு கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன என்பதையும், 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். திட்டு போனால் கரைக்கு என்ன ஆகும் என்று காட்ட மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருப்பது, நான் காண்கிற தவறுகளிலேயே பெரிது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு; பெரும்பாலான விடுதிகள் அந்த வகைக்குள் வந்துவிடும், 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்தவை அந்த அறிவிக்கையின் கட்டடப் பிரிவுக்குள்ளேயே வராது. ஆக, ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைக்கும் நாள் ஒன்று வரும், அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால், அனுமதிக் கடிதம்தான் வந்து நிற்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவும், அதன் மேலுள்ள மாநில ஆணையமும் கோப்பைப் பரிசீலிக்கும்போதே உங்கள் எழுத்து அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஒரு பிரதியைப் பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில், பட்டுவாடாச் சான்றோடு அனுப்புங்கள். இன்னொன்றை நேரில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். பின்னர் வழக்கு என்று போனால் அந்த முத்திரைக்கு உள்ள மதிப்பு நூறு கூட்டப் பேச்சுக்குக் கிடையாது.

கடிதத்தின் மொழி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: ‘அறிக்கையின் 112-ஆம் பக்கத்தில், கழிவுநீர் முழுவதும் தோட்டத்துக்கே பயன்படும் என்று கூறப்பட்டுள்ளது. 38-ஆம் பக்கத்தில் தோட்டத்தின் பரப்பு இரண்டு ஏக்கர் என்று உள்ளது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோட்டத்துக்கு நீர் தேவைப்படாது. அந்த நாட்களில் கழிவுநீர் எங்கே விடப்படும் என்பது அறிக்கையில் எங்கும் இல்லை. அது விளக்கப்படும்வரை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கூடாது.’ இதில் கோபம் இல்லை, பெயரடை இல்லை. இரண்டு பக்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டதோடு சரி. இப்படி நான்கு பத்தி அமைந்தால் போதும். நாற்பது பத்தி எழுதினால் பலவீனமான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

அரசியலைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ‘வேலைவாய்ப்பு வருகிறது’ என்ற வாதத்தை எள்ளி ஒதுக்குபவர்கள் பாதி ஊரை இழந்துவிடுவார்கள். நிலத்தை விற்றவரும் நம்மவர், காவலாளி வேலைக்காவது பிள்ளை போகட்டும் என்று நினைப்பவரும் நம்மவர். எனவே நிரந்தர வேலை எத்தனை, அதில் உள்ளூருக்கு எத்தனை என்பதை எழுத்தில் கேட்டு, வரும் பதிலை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். காபோ புல்மோவில் எதிர்ப்புக்குப் பலம் தந்தது, முக்குளிப்பால் நடக்கும் பிழைப்பு ஏற்கெனவே கண்முன் இருந்ததுதான். அதன் பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழகத்தில் கூடும் சபையில் புல எண்களைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தின் நகலை அன்றே கேட்டுப் பெற்றுவிட வேண்டும். ‘வளர்ச்சிப் பணிகள் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுதி முடித்துவிட்டால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

நாட்காட்டியையும் பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். கால்தெரோன் அறிவித்த நாளுக்கு மூன்று நாள் கழித்து ஜி-20 மாநாடு அதே லோஸ் காபோஸ் நகராட்சிப் பகுதியில் தொடங்கியது. நீடித்த வளர்ச்சி பற்றிய ஐ.நா.வின் ரியோ+20 மாநாடு அதே வாரம். மெக்சிகோவின் பொதுத்தேர்தல் ஜூலை 1. உலகத் தலைவர்கள் வந்திறங்கும் கரையில், உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கடலை ஒட்டி, இத்தகைய ஒரு சர்ச்சையை எந்த அதிபரும் விரும்ப மாட்டார். இதற்கு முந்திய ஆண்டே, திட்டத்தில் பணம் போட்டிருந்த ஸ்பானியச் சேமிப்பு வங்கி நிலைகுலைந்து அந்நாட்டு மத்திய வங்கியின் கைக்குப் போயிருந்தது. ஆனாலும் அதிபர் பொதுவெளியில் சொன்ன காரணம் வேறு: இவ்வளவு பெரிய திட்டத்தால் மீளாத் தீங்கு வராது என்பதை நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவவில்லை. முடிவுக்கு அரசியல் காரணம் இருந்திருக்கலாம். அதைச் சொல்வதற்கான வாசகத்தை விஞ்ஞானிகளும் ஊராரும் நான்கு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அனுமதி கொடுத்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். அதற்குப் பின் கதவு மூடப்படும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி இல்லாமலோ, நிபந்தனையை மீறியோ கட்டியிருந்தால் அது வேறு வகை வழக்கு. அதற்கு ஆறு மாதக் கெடு. கட்டி முடித்துவிட்டார்களே என்று சோர்ந்துவிட வேண்டாம். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல் தீவொன்றில் எழுந்த காபிக்கோ விடுதியின் 54 வில்லாக்களை இடிக்க வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உறுதிசெய்து, 2022-இல் இடிப்பும் தொடங்கியது. ஆனால் இடிப்பால் கடலுக்குள் இறங்கிய மண் திரும்பி வராது. பவளத்தைப் பொறுத்தவரை கட்டுவதற்கு முன்பே தடுத்தால்தான் உண்டு.

மறுப்பு வந்துவிட்டால் கோப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். காபோ கோர்தேஸ் ரத்தாகி இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை, 2014-இல் அதே நிலத்தில் ‘காபோ தொராதோ’ என்ற புதுப்பெயரில், வேறு முதலீட்டாளர்களோடு, 22,000-க்கும் மேற்பட்ட அறைகளுடன் திட்டம் திரும்பி வந்தது. பழைய ஆட்சேபணைகளைத் தூசி தட்டி எடுத்து மறுபடி வைத்ததால், அந்த ஆண்டு மே மாதத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிவேஷில் மாவட்டத்தின் புதிய விண்ணப்பங்களைத் திறந்து, திட்டத்தின் பெயரைப் பார்க்காமல், நீங்கள் குறித்து வைத்த புல எண்கள் அவற்றில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்பிரிவு செய்து எண்ணை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ‘அ’ பதிவேட்டையும் புதிதாக எடுத்துவிடுங்கள்.