முதியவரை வரையும்போது சுருக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள்

வயதானவர் முகத்தை வரைய உட்காருகிற பலரும் முதலில் நெற்றிக் கோடுகளில்தான் கை வைப்பார்கள். கோடு கூடக் கூட, இளைஞர் முகத்தில் கிறுக்கியது போலத்தான் படம் நிற்கும். முதுமை தோலில் தெரிவதற்கு முன்பே எலும்பிலும் உடல் பாரம் இறங்குகிற விதத்திலும் வந்துவிடுகிறது. அதைப் பிடித்துவிட்டால் முகத்துக்கு நாலு கோடு போதும்.

ஆளை முற்றத்து ஓரத்திலோ, நேர் வெயில் படாத திண்ணையிலோ உட்கார வையுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் பக்கவாட்டில் விழும் வெளிச்சம்தான் சரி. உச்சி வேளையில் ஒளி செங்குத்தாக இறங்கி, கண்குழியை வெறும் ஓட்டையாக்கிவிடும். 'இப்படித் திரும்புங்க அப்பாயி' என்று நிலை சொல்ல வேண்டாம். வெற்றிலை இடிக்கிறவரை இடிக்கவே விடுங்கள்; அவருக்குப் பழகிய இருப்புதான் உங்களுக்கு வேண்டியது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் நெடியுள்ள திரவமான டர்பன்டைன் புட்டியை அவர் பக்கத்தில் திறக்கவே கூடாது. நேரில் கரித்துண்டால் வரைந்துகொண்டு, வண்ண வேலையைக் காற்றோட்டமான வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிக்கோட்டில் முதலில் பார்க்க வேண்டியது காதுக்கும் தோளுக்கும் உள்ள உறவு. இளம் உடம்பில் காது ஏறக்குறைய தோளுக்கு நேர் மேலே இருக்கும். கூன் விழுந்தவருக்குக் காது தோளைத் தாண்டி முன்னே வந்துவிடும். முதுகைச் சுவரில் சாய்த்தாலும் தலை சுவரைத் தொடாது. இந்த ஒரு இடைவெளியைச் சரியாக வைத்தால் முகமே வரையாவிட்டாலும் வயது தெரியும். நின்றால் தலை அளவில் ஏழரைத் தலை உயரம் என்று பாடத்தில் படித்ததை இங்கே விட்டுவிடுங்கள். முதுகெலும்பு குறுகுகிறது, தலை குறுகுவதில்லை. ஆறரையிலிருந்து ஏழு வைத்துப் பாருங்கள்.

முகத்தில் நெற்றிப்பொட்டு குழிந்திருக்கும், மூக்கு நுனி இறங்கியிருக்கும், காது மடல் நீண்டிருக்கும். பல் போனவருக்கு மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே உள்ள தூரம் குறைந்து, மேலுதடு உள்ளே மடிந்துவிடும். கண்மணியின் கருவட்டத்தைச் சுற்றி வெளிறிய நீலச்சாம்பல் வளையம் பலருக்கு இருக்கும். அதை மெல்லிய தூரிகையால் முழு வட்டமாக இழுத்தால் பொம்மைக் கண்ணாகிவிடும். மேலும் கீழும் கொஞ்சம் அழுத்தி, பக்கங்களில் விட்டுவிடுங்கள். கீழிமை விளிம்பில் ஒரு பொட்டு ஈரச்சிவப்பு வையுங்கள். பார்வைக்கு உயிர் அங்கேதான் வருகிறது.

மிகைப்படுத்துவது என்றால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கையைக் கால் பங்கு பெரிதாக்கலாம், அல்லது கழுத்து நரம்பை இழுத்துவிடலாம். எல்லாவற்றையும் இழுத்தால் கேலிச்சித்திரம்தான். இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு: காரைக்கால் அம்மையார் சிற்பங்கள். அது பேயுருவம், முதுமை அல்ல. ஆனாலும் துருத்திய விலாவும் வற்றிய மார்புமாக இருக்கும் அந்த உடம்பு கையில் தாளத்தோடு ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் (நடராசர்) காலடியில் இருப்பவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், முதியவர் என்றாலே புருவத்தை உள்பக்கம் தூக்கிப் பாவமாக வரைகிற பழக்கம் விட்டுப்போகும்.

வண்ணத்துக்கு வருவோம். 24×30 அங்குல கான்வாஸில், எல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) கலந்த, வெளிறலும் இருளும் இல்லாத நடுத்தரத் தொனியை முதலில் பூசிக் காயவிடுங்கள். வயலில் காய்ந்த தோலுக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 3 பங்கு, அல்ட்ராமரின் நீலம் 1 பங்கு. வெளிச்சப் பக்கத்துக்கு இதில் நேராக வெள்ளையைக் கலந்தால் முகம் சாம்பல் பூத்து சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். முதலில் ஓக்கரைக் கொண்டு வெளிறச் செய்து, வெள்ளையைக் கடைசியில் துளி சேருங்கள். கன்னமேடு, நெற்றிமேட்டில் விழும் மினுக்கம் மட்டும் நீலம் கலந்த வெள்ளை. கருத்த தோல் வானத்தைத் திருப்பிக் காட்டும். மூக்கு, காதில் கொஞ்சம் இண்டியன் ரெட் (காவிச் சிவப்பு). மழிக்காத தாடையில் நீலச்சாம்பல்.

நம் ஊர் முதியவரை வரையும்போது பெரிய சிக்கல் மூன்று வெள்ளைகள்: நரைமுடி, வேட்டி, திருநீறு. மூன்றையும் டியூபிலிருந்து அப்படியே வைத்தால் கண் எங்கேயும் நிற்காது. முடியை ஆக வெளிச்சமாக வையுங்கள். வேட்டி அதற்கு இரண்டு படி கீழே, ஓக்கர் கலந்த மங்கல். திருநீற்றை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, நெற்றி மடியும் இடத்தில் பட்டையை உடைத்துவிடுங்கள். நெற்றிச் சுருக்கத்தில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மிச்சச் சுருக்கத்தைக் கோடாக இழுக்காமல், ஒரு பக்கம் நிழலும் மறு பக்கம் வெளிச்சமுமாக வையுங்கள். வெளிச்சத்தில் வண்ணம் கெட்டி, நிழலில் மெல்லிசு. டச்சு ஓவியர் ரெம்ப்ரான்ட் 1669-இல், தம் 63ஆம் வயதில் இறப்பதற்கு முன் வரைந்த தன்னுருவங்களின் வலு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

பின்னணிக்கு நாற்றங்கால் பச்சையை எடுக்காதீர்கள், முகத்தைத் தின்றுவிடும். தை அறுவடை முடிந்த தாளின் நிறமும் தோலோடு கலந்துபோகும். ஓக்கரும் அல்ட்ராமரினும் சேர்ந்த மங்கிய பச்சை போதும்.

எண்ணெய் வண்ணம் என்றால் அடிப்பூச்சு டர்பன்டைனில், மேலே போகப்போக ஆளி விதை எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் இறுகி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெள்ளை கலந்த கெட்டிப் பூச்சு சீக்கிரம் காயாது, கான்வாஸின் முதுகில் பூஞ்சையும் பிடிக்கும். சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி மாட்டுங்கள். ஆவணி, புரட்டாசியில் முடித்த படத்துக்குப் பங்குனிக்கு முன் வார்னிஷ் அடிக்க வேண்டாம். கெட்டியான இடத்தை நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள்.