மறைத்து எடுத்துச் செல்லக் கைத்துப்பாக்கி: வாங்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். அதன் பிறகு நம் ஆட்கள் பலர் என்னிடம் "எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது விசாவைப் பற்றித்தான். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் மத்திய அரசின் சட்டத்திலேயே தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்பார்கள், உண்மைதான், ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் பொய் எழுதினால் சிறைக்குப் போகும் அளவுக்கான குற்றம், கூடவே குடியேற்ற வழக்கும் கெட்டுப்போகும்.

சரி, இனி துப்பாக்கிக்கு வருவோம்.

என் மனைவிக்கு வாங்கப் போனபோது கடைக்காரர் அவள் கையைக்கூடப் பார்க்காமல், பெண்களுக்கு இதுதான் சரி என்று ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டினார். 5 தோட்டா கொள்ளும், தோட்டா .38 ஸ்பெஷல் ரகம், எடை அரைக் கிலோகூட இல்லை. பார்க்க அடக்கமாக இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், பத்து ரவுண்டு சுட்டதும் அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது, அதோடு டிரிகரை இழுக்கவே சுமார் 5 கிலோ விசை வேண்டியிருந்ததால் ஒவ்வொரு முறையும் குழல் நுனி ஆடி, குறி கீழே போனது. இனி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாக உதைக்கும், உதையைத் தாங்கிக்கொள்ள அதில் கனம் இல்லை, மிச்சத்தை உங்கள் மணிக்கட்டுதான் வாங்க வேண்டும். சின்னத் துப்பாக்கி புதியவர்களுக்கு சுலபம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய், ஒரே நாளில் மூன்றைச் சுட்டுப் பார்த்தோம். க்ளாக் 19, மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 15 தோட்டா, வெறுமையாகவே 600 கிராமுக்கு மேல், சுட மிகவும் சாதுவானது, ஆனால் அவள் இடுப்புக்குப் பெரிது. 2018இல் வந்த சிக் பி365 ஏறக்குறைய 500 கிராம், மெலிசு, 10 தோட்டா, எனக்கு மிகவும் பிடித்தது, நான் வைத்திருப்பதும் அதுதான். அவளுக்கு ஸ்லைடை (தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியை) இழுப்பதுதான் சிரமமாக இருந்தது, அதனால் ஸ்லைடு இலகுவாக நகரும்படி செய்யப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் வாங்கினோம். 8 தோட்டாதான். ஆனால் எட்டையும் அவள் நினைத்த இடத்தில் சுடுகிறாள்.

தோட்டா அளவைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், 9 எம்எம் போதும். எஃப்பிஐயே .40க்குப் போய்விட்டு மறுபடியும் 9 எம்எம்முக்கு வந்துவிட்டது. கைவலி, மூட்டுவலி உள்ளவர்கள் மட்டும் அதைவிட உதை குறைந்த .380ஐ யோசிக்கலாம்.

கடையில் எப்படிப் பார்ப்பது? முதலில் துப்பாக்கி காலியா என்று கடைக்காரர் பார்த்த பிறகும் நீங்களே தோட்டா அறைக்குள் பாருங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, பிடியின் உச்சியில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை டிரிகரின் நடுவில் வர வேண்டும், அதற்காகக் கையைத் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்கள் அளவு இல்லை. ஸ்லைடை ஐந்து முறை இழுங்கள், ஐந்தாவது முறையும் முதல் முறை போலவே வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே மாடலை வாடகைக்கு எடுத்து 50 ரவுண்டாவது சுடாமல் பணம் கட்டாதீர்கள்.

மறைப்பது பற்றிப் பலரும் குழல் நீளத்தையே பார்க்கிறார்கள். குழல் பேண்டுக்குள் போய்விடும், வெளியே காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பகுதிதான், குனிந்தால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே பிடியின் உயரத்தையும் துப்பாக்கியின் தடிமனையும் பாருங்கள். வெளியே விட்ட தளர்வான சட்டைக்கு எல்லாமே பொருந்தும். குர்தா நன்றாக மறைக்கும், ஆனால் அவ்வளவு துணியையும் தூக்கி எடுப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். புடவைக்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை. கைப்பைதான் என்றால் துப்பாக்கிக்கென்றே தனி அறை உள்ள பை வேண்டும், அந்த அறையில் சாவி, பேனா எதுவும் கூடாது, பையை ஒரு நிமிடம்கூட நாற்காலியில் விட்டு நகரக்கூடாது.

ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், காசு மிச்சம் பிடிக்காதீர்கள். டிரிகரை முழுதும் மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை வேண்டும், துணி உறை வேண்டாம். அதைத் தாங்க விறைப்பான பெல்ட்டும் வேண்டும். துப்பாக்கி வாங்கும் முன்பே விரல்ரேகையோ எண்ணோ போட்டால் சட்டென்று திறக்கும் பெட்டகம் வீட்டில் இருக்க வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம். பள்ளி, தபால் நிலையம், 51 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் எழுதிய மது அருந்தும் பார், துப்பாக்கிக்குத் தடை என்று 30.05 அல்லது 30.06 என்ற சட்டப் பிரிவு எண்ணுடன் பலகை வைத்த இடம், இங்கெல்லாம் கொண்டுபோக முடியாது. கோயில் வாசலிலும் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். காரில் விட வேண்டியிருந்தால் இருக்கையோடு பிணைத்த பூட்டுப்பெட்டியில் மட்டும் விடுங்கள். கட்டாயம் இல்லை என்றாலும் லைசென்ஸ் எடுப்பது நல்லது, வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும், கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் செல்லாது.

வாங்கியதும் 200 ரவுண்டு சுட்டுப் பாருங்கள், அதில் நீங்கள் நிஜமாக வைத்திருக்கப்போகும் ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழி உள்ள) தோட்டாவும் ஒரு பெட்டியாவது இருக்கட்டும். சுடும்போது தோட்டா சிக்கிக்கொண்டால் காரணம் தெரியும் வரை இடுப்பில் வைக்காதீர்கள். அடுத்த ஒரு வாரம் தோட்டா இல்லாமல் வீட்டிலேயே அணிந்திருங்கள், காரில் உட்காருங்கள், குழந்தையைத் தூக்குங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே துருத்துகிறது என்று தெரிந்துவிடும். அப்படித் துருத்தினால் உடனே வேறு துப்பாக்கி தேடாமல், ஹோல்ஸ்டரை அரை அங்குலம் இறக்கியும் கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள், எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.